விமானியின் உடல்நலமும் தன்னுறுதிக் கூற்றும்

ஒருவருடைய உடம்பு ஒரு தொழிலுக்குத் தகுதியுடையதோ அன்றோ என்பதைத் தீர்மானிப்பவர் யார்? வைத்தியரே என விடை கூறுதல் எளிது. படையிற் சேர்வோரும், கப்பலிற் பணிபுரிவோரும், அரசாங்க உத்தியோகம் ஏற்போரும் வைத்தியரின் சான்றிதழைப் பெற்ற பின்னரே தத்தம் கடமையில் அமர்வது வழக்கம். ஆகாயவிமானம் செலுத்துவோர் பற்றியும் உலகம் நெடுங்காலம் இவ்விடையையே ஏற்றிருந்தது. ஆயின், 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர்ப் பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகள், சிறுவிமானங்களைத் தம் விருப்பின் பொருட்டுச் செலுத்துவோர்க்கு வேறொரு விடையை அளித்துள்ளன. தம் உடல்நிலை விமானம் செலுத்துவதற்கு ஏற்றதே என அவ்விமானி தாமே எழுத்தில் உறுதி கூறுவாராயின், குறித்த எல்லைகளுக்குள் அக்கூற்றே போதும் என்பது அவ்விடையாகும். இதனைத் தன்னுறுதிக் கூற்று எனலாம். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது விதியைத் தளர்த்தும் செயலாகவே தோன்றும். அஃது அத்துணை எளிய பொருளன்று என்பதை ஆராய்ந்து காண்டல் தகும்.

இங்கே கருதப்படும் விமானி யார் என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். ஊதியம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானி வேறு. தம் மகிழ்ச்சிக்காகவோ சொந்த அலுவலுக்காகவோ பறக்கும் தனியார் விமானி வேறு. பின்னவர் செலுத்துவது பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு இருக்கைகளும் ஒற்றை எஞ்சினும் கொண்ட சிறுவிமானமாகும். அவ்வகையில் உலகெங்கும் பெயர்பெற்ற செஸ்னா 172 என்னும் விமானம், ஆட்களும் எரிபொருளும் ஏறிய பின்னரும் ஏறக்குறைய 1,100 கிலோகிராம் நிறையே உடையது. அதில் அமர்வோர் விமானியின் குடும்பத்தினரோ நண்பரோ ஆவர். பெரிய விமானத்தில் ஒருவர் மயங்கிவிழுந்தால் மற்றவர் பொறுப்பேற்க இரண்டாம் விமானி உளர்; சிறுவிமானத்திலோ பெரும்பாலும் அத்தகைய துணை இல்லை.

வானத்திற் செல்வோர்க்கு உடல்நலம் ஏன் இத்துணை இன்றியமையாதது? உயரே செல்லச் செல்ல வளியின் அமுக்கம் குறைகின்றது. ஏறக்குறைய 18,000 அடி உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதிற் பாதியாகிவிடும். அமுக்கம் குறையவே சுவாசத்தினாற் குருதியிற் சேரும் ஒட்சிசனும் குறையும். சிறுவிமானங்கள் பெரும்பாலும் இதனினும் மிகத் தாழ்ந்த உயரத்திலேயே பறப்பினும், இருதயமோ நுரையீரலோ நலிந்தவர்க்குச் சிறுகுறைவும் தீங்காகலாம். அன்றியும், தடிமன் பிடித்தவர் விமானத்தில் ஏறி மீண்டும் தரையை நோக்கி இறங்கும்போது, தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையேயுள்ள குழாய் அடைபட்டிருப்பதனால் வெளியமுக்கம் செவிப்பறையை உள்நோக்கி அழுத்தும். அதனால் எழும் வேதனையும் தலைச்சுற்றும், மிகுந்த கவனம் வேண்டிய தரையிறங்கும் நேரத்திலேயே விமானியைத் தாக்கும். தரையில் மோட்டார் வண்டி ஓட்டுபவர் தமக்கு உடல்நலம் குன்றியதை உணர்ந்தவுடன் தெருவோரத்தில் வண்டியை நிறுத்தலாம். வானத்தில் அவ்வாறு நிறுத்துதற்கு ஓரிடமில்லை.

இக்காரணங்களால், விமானப் போக்குவரத்து வளரத் தொடங்கிய நாளிலேயே வைத்தியப் பரிசோதனையும் உடன்வந்தது. 1919ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் கையொப்பமிடப்பட்ட வான்வழி ஒப்பந்தம் விமானிகளின் உடற்றகுதி பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. 1944ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திற் சிக்காகோ நகரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் வழியாகச் சர்வதேச சிவில் விமான சேவை அமைப்பு தோன்றியது. அவ்வொப்பந்தத்தின் முதலாம் இணைப்பு விமானிகளின் அனுமதிப்பத்திரங்களுக்குரிய நியமங்களை வகுப்பது. வைத்தியத் தகுதியை அது மூன்று வகுப்புக்களாகப் பிரிக்கின்றது. தொழில்முறை விமானிகளுக்கு முதலாம் வகுப்பும், தனியார் விமானிகளுக்கு இரண்டாம் வகுப்பும், விமானப் போக்குவரத்தைத் தரையிலிருந்து நெறிப்படுத்துவோர்க்கு மூன்றாம் வகுப்பும் உரியன. ஐக்கிய அமெரிக்கா மட்டும் தன் வழக்கப்படி தனியார் விமானியின் சான்றிதழை மூன்றாம் வகுப்பு எனப் பெயரிட்டு வழங்குகின்றது. அங்கே நாற்பது வயதுக்குட்பட்டோர்க்கு அச்சான்றிதழ் ஐந்து ஆண்டுகளும், ஏனையோர்க்கு இரண்டு ஆண்டுகளும் செல்லும்.

இனி, இப்பரிசோதனை எதனைக் காணவல்லது, எதனைக் காணமாட்டாதது என்பது நோக்கற்பாலது. கண்ணின் கூர்மை, செவிப்புலன், குருதியமுக்கம், சிறுநீரிற் சர்க்கரை என்பவற்றை வைத்தியர் தாமே அளந்தறியலாம். ஆயின், மூன்றாண்டுகளுக்கு முன்னர் ஒருவர் ஒருமுறை நினைவிழந்து வீழ்ந்தாரா, இரவில் உறக்கமின்றித் தவிக்கின்றாரா, மனச்சோர்வுக்கு மாத்திரை உட்கொள்கின்றாரா என்பவற்றை எந்தக் கருவியும் காட்டாது. அவற்றை அவரே கூறினால் வைத்தியர் அறிவார், கூறாவிடின் அறியார். ஆகவே, வைத்தியரின் சான்றிதழ் என்று சொல்லப்படுவதிலும் ஒரு பெரும்பகுதி விமானியின் வாய்மொழியின்மேல் நிற்பதே. மற்றொன்று, பரிசோதனை ஒரு நாளைக்குரியது. சான்றிதழோ ஆண்டுக்கணக்கிற் செல்வது. அந்த ஒருநாளுக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையே உடம்பு மாறாது நிற்பதில்லை.

இதற்குத் துயர்மிக்க சான்றொன்று உண்டு. 1972ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆந் திகதி இலண்டனுக்கு அணித்தான ஸ்டெயின்ஸ் என்னுமிடத்தில் டிரைடன்ட் வகைப் பயணிகள் விமானமொன்று புறப்பட்ட சில நிமிடங்களில் வீழ்ந்து, அதிலிருந்த 118 பேரும் மாண்டனர். அதன் தலைமை விமானி முறையாக வைத்தியப் பரிசோதனைகளிலே தேறியவர். இறந்தபின் நடத்திய சோதனையில் அவருடைய இருதய நாடிகள் நெடுங்காலமாகவே தடித்து நோயுற்றிருந்தமை தெரியவந்தது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கப்படும் இருதய மின்வரைபு அந்நோயை வெளிப்படுத்தியிருக்கவில்லை. விபத்தை விசாரித்த பகிரங்க விசாரணைச் சபை, அவருடைய இருதயநிலையால் அவரது கவனமும் தீர்மானமும் தளர்ந்தமையை விபத்தின் அடிப்படைக் காரணங்களுள் ஒன்றாக எடுத்துரைத்தது. மிகக் கடுமையான முதலாம் வகுப்புப் பரிசோதனைக்கே இவ்வெல்லை உண்டெனின், ஏனையவற்றைப்பற்றிக் கூறவேண்டியதில்லை.

இங்கே நோயாளி தன் நோயை அறியாதிருந்தான். அறிந்தும் மறைத்தவர் கதை வேறு. ஐக்கிய அமெரிக்காவிலே 2003ஆம் ஆண்டு தொடங்கி நடந்த ஒரு விசாரணையில், வட கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏறக்குறைய 40,000 விமானிகளின் பெயர்கள், நோயினால் வேலைசெய்ய இயலாதோர்க்கு அரசாங்கம் வழங்கும் உதவிப்பணப் பதிவேடுகளுடன் ஒப்புநோக்கப்பட்டன. தகுதிச் சான்றிதழ் உடையோருள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வுதவிப்பணத்தையும் பெற்றுவந்தமை தெரிந்தது. ஓர் அலுவலகத்திலே தாம் நோயாளர் என்றும், மற்றோர் அலுவலகத்திலே தாம் நலமுடையர் என்றும் கூறியிருந்த சிலர் அவருள் இருந்தனர். நாற்பதுக்கு மேற்பட்டோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவருள் ஒருவர், தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்ததை மறைத்தவர். அத்தொற்று உடையோர்க்குச் சான்றிதழ் அறவே மறுக்கப்பட்ட ஒரு காலம் இருந்தது. அக்காலத்திலேயே அவர் மறைக்கத் தொடங்கினார். தம் இரகசியப் பதிவுகளை அரசாங்க அலுவலகங்கள் தம்முட் பகிர்ந்தமை தமக்கு மனவேதனை விளைத்தது என அவர் தொடுத்த வழக்கு, அமெரிக்க உயர்நீதிமன்றம்வரை சென்றது. அத்தகைய வேதனைக்கு நட்டஈடு வழங்கச் சட்டம் இடந்தரவில்லை என 2012இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று. உடம்பைப்பற்றிய உண்மையை முற்றும் அறிந்தவர் எவரோ, அவ்வுண்மையைக் கூறுவதால் இழப்படைபவரும் அவரே. பறத்தலையே வாழ்வின் பேரின்பமாகக் கொண்டவரிடம், நோயைச் சொன்னால் அனுமதிப்பத்திரம் போய்விடும் என்னும் அச்சத்தை உண்டாக்கிவிட்டு, உண்மையையும் எதிர்பார்த்தல் அரிது. அச்சம் மிகுந்தவிடத்து அவர் வைத்தியரிடம் செல்வதையே தவிர்ப்பார். தவிர்க்கவே தீரக்கூடிய நோயும் தீராது முற்றும். தன்னுறுதிக் கூற்று முறையை ஆதரித்தோர் பலரும் எடுத்துக்காட்டிய நியாயங்களுள் இது தலையாயது.

அம்முறை ஒரேநாளிற் பிறந்ததன்று. பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டில் தேசிய தனியார் விமானி அனுமதிப்பத்திரம் என ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதனைப் பெறுவோர் விமான வைத்திய நிபுணரிடம் செல்லவேண்டியதில்லை. மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்குரிய வைத்திய நியமம் தமக்குப் பொருந்துகின்றது எனத் தாமே எழுதிக் கையொப்பமிட, அவருடைய குடும்ப வைத்தியர் தம்மிடமுள்ள பதிவுகளோடு ஒப்புநோக்கி உடன் கையொப்பமிடுவார். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவ்வைத்தியரின் கையொப்பமும் வேண்டாவென விலக்கப்பட்டது. அப்பொழுது வகுக்கப்பட்ட விதியின்படி, சாதாரண மோட்டார் சாரதிக்குரிய உடற்றகுதி தமக்குண்டு என விமானி சிவில் விமான அதிகாரசபைக்கு நேரே உறுதி கூறுவார். எழுபது வயதுவரை ஒருமுறை கூறினாற் போதும். அதன்பின் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கூறுதல் வேண்டும். அந்நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரமும் எழுபது வயதின்பின் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது என்பதை நோக்கின், இவ்விதி எதனைப் பின்பற்றியது என்பது விளங்கும். சாரதியின் கண்பார்வைக்குரிய நியமமும் அவ்வாறே எளியது: இருபது மீற்றர் தொலைவில் நிற்கும் வண்டியின் இலக்கத்தகட்டை வாசிக்க இயலவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி.

ஐக்கிய அமெரிக்கா சற்று வேறான வழியிற் சென்றது. 2004ஆம் ஆண்டில் அங்கே விளையாட்டு விமானி என்னும் புதியதோர் அனுமதிப்பத்திரம் தோன்றியது. இரண்டு இருக்கைகளும் 1,320 இறாத்தலுக்கு மேற்படாத நிறையும் கொண்ட, தரையிலிறங்கும் இலேசான விமானங்களை, சாரதி அனுமதிப்பத்திரத்தையே உடற்றகுதிக்குச் சான்றாகக் கொண்டு செலுத்தலாம் என்று விதிக்கப்பட்டது. ஆயின் அவ்விதியில் ஒரு முரண் இருந்தது. வைத்தியச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் கடைசியாக மறுக்கப்பட்டவர் இச்சலுகையைப் பெறமாட்டார். அதே நோயுடையவர் ஒருபோதும் விண்ணப்பியாதிருந்தால், தம் உடல்நிலை பறத்தற்கு ஏற்றதெனத் தாமே கருதுமளவில் அதனைப் பெறுவார். நேர்மையாகக் கேட்டவர்க்குக் கதவு அடைபட, கேளாதிருந்தவர்க்குத் திறந்திருந்தது.

பின்னர், 2016இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டத்தின் பயனாக, 2017ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி பேசிக்மெட் எனப்படும் முறை நடைமுறைக்கு வந்தது. இது பரிசோதனைக்கும் தன்னுறுதிக் கூற்றுக்கும் இடைப்பட்டது. இதனை மேற்கொள்பவர் 2006ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆந் திகதிக்குப் பின்னர் ஒருமுறையேனும் பழைய சான்றிதழைப் பெற்றிருத்தல் வேண்டும். நான்காண்டுகளுக்கு ஒருமுறை, உரிமம் பெற்ற எந்த வைத்தியரிடமும் குறித்த பட்டியலின்படி பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை உடல்நலம் பற்றிய பாடமொன்றைக் கற்றுத் தேறல் வேண்டும். வைத்தியர் நிரப்பிய பட்டியல் அரசாங்கத்துக்கு அனுப்பப்படுவதில்லை. விமானியே அதனைத் தம்மிடம் வைத்திருப்பார். மாரடைப்பு, வலிப்பு, சித்தப்பிரமை முதலிய சில கொடுநோய்கள் உற்றவர், முதலில் ஒருமுறை அதிகாரசபையின் சிறப்பு அனுமதியைப் பெற்ற பின்னரே இம்முறைக்குள் வரலாம். தொடக்கத்தில் 6,000 இறாத்தல் நிறைக்கும் ஐந்து பயணிகளுக்கும் உட்பட்டிருந்த எல்லை, 2024ஆம் ஆண்டின் சட்டத்தால் 12,500 இறாத்தலாகவும் ஆறு பயணிகளாகவும் உயர்த்தப்பட்டது. அவுஸ்திரேலியாவும் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஐந்தாம் வகுப்பு என்னும் பெயரால், 2,000 கிலோகிராமுக்கு மேற்படாத விமானங்களை விமானியோடு ஒரேயொரு பயணியுடன் செலுத்துவோர்க்குத் தன்னுறுதிக் கூற்று முறையை வகுத்தது.

இவ்விதிகள் யாவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கின், அவற்றின் அடியில் ஒரு பொதுநியாயம் கிடத்தல் புலனாகும். விமானத்தின் நிறைக்கு எல்லையுண்டு. நிறை குறைந்த விமானம் வீழின் தரையிலுள்ளார்க்கு நேரும் அழிவும் குறையும். பயணிகளின் தொகைக்கு எல்லையுண்டு. வாடகைக்குப் பறத்தல் விலக்கப்பட்டது; பணங்கொடுத்து ஏறும் அந்நியர் விமானியின் உடல்நிலையை அறிய வழியில்லாதவர் ஆதலின். அன்றியும், இக்கூற்றுச் சர்வதேச நியமத்துக்குக் குறைந்ததாதலால், பிறிதொரு நாடு விரும்பி ஏற்றாலன்றி அந்நாட்டு வானத்தில் அது செல்லாது. சுருங்கக் கூறின், தீங்கின் அளவு சிறிதாகுமிடத்திலேயே நம்பிக்கையின் அளவு பெரிதாக்கப்பட்டிருக்கின்றது.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கன அல்ல. தன்னிடமுள்ள நோயை அறியாதவர் எவ்வாறு உறுதி கூறுவார்? குருதியமுக்கமும் நீரிழிவும் ஓசையின்றி வளர்வன. காலந்தோறும் வைத்தியரிடம் செல்லவேண்டும் என்னும் கட்டாயம் பலரை அவற்றினின்று காத்ததுண்டு. முதுமையில் நினைவாற்றல் தேய்வது இன்னும் இடர்ப்பாடுடையது. தம் மறதியை உணர்தற்கு வேண்டிய அறிவையே அந்நோய் முதலிற் கவர்ந்துவிடும். குடும்ப வைத்தியரின் உடன்கையொப்பத்தை நீக்கியமையால், பதிவுகளை அறிந்த மற்றொரு கண்ணும் விலகிற்று என்பாரும் உளர். இவை உண்மையே. அமெரிக்கா கூற்றை மட்டும் நம்பாது வைத்தியரையும் பாடத்தையும் உடன்வைத்தமைக்கும், பிரித்தானியா வயதின் எல்லையொன்றை வகுத்தமைக்கும் இத்தகைய ஐயங்களே காரணமாகக் கொள்ளத்தக்கன. எந்த முறையும் குறையற்றதன்று; ஒன்றன் குறையை மற்றொன்றன் குறையோடு எடையிட்டே நாடுகள் தெரிவுசெய்துள்ளன.

ஆயின், ஒருபொருள் இரண்டு முறைக்கும் பொதுவாயுள்ளது. சான்றிதழ் உடையவராயினும் இல்லாதவராயினும், தமக்கு உடல்நலக்குறைவு உண்டென அறிந்த நாளில் விமானத்தைச் செலுத்துதல் கூடாது என அமெரிக்க விதி வெளிப்படையாகவே தடுக்கின்றது. ஏனைய நாடுகளிலும் இக்கடமை உண்டு. அந்நாளைய தீர்மானத்தைச் செய்பவர் விமானி ஒருவரே. அங்கே வைத்தியர் இல்லை, அதிகாரி இல்லை.

அத்தீர்மானம் எத்துணைச் சிறிய பொருளில் தவறக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, 1990 முதல் 2012 வரை விபத்துக்களில் இறந்த விமானிகளின் உடலிற் காணப்பட்ட மருந்துகளைப்பற்றி 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டது. அறிவை மந்தமாக்கக்கூடிய மருந்துகளுள் மிகுதியாகக் காணப்பட்டது கஞ்சாவோ அபினோ அன்று. தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் உறக்கமின்மைக்கும் கடையில் எவரும் வாங்கக்கூடிய டைபென்ஹைட்ரமீன் என்னும் சாதாரண மருந்தே அது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் எந்தப் பரிசோதனையும் முந்திய இரவில் உட்கொண்ட ஒரு மாத்திரையைக் கண்டுபிடிக்கமாட்டாது. மதுசாரமும் இத்தகையதே. பிரித்தானியாவில் 1967ஆம் ஆண்டின் சட்டம், வண்டி ஓட்டுவோரின் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரத்தை எல்லையாக வகுத்தது. விமானிகளுக்கென 2003ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமோ அவ்வெல்லையை 20 மில்லிகிராம் எனக் குறுக்கிற்று. நோயைப் பொறுத்தவரை சாரதியின் அளவுகோலை விமானிக்கும் ஏற்றுக்கொண்ட அதே நாடு, குடியைப் பொறுத்தவரை அதனை ஏற்கவில்லை. தன்னுறுதிக் கூற்று என்பது கட்டுப்பாடின்மை அன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஆதலினாற்றான் விமானப் பயிற்சிச் சாலைகளில், ஒவ்வொரு முறை பறக்குமுன்னும் விமானி தம்மைத் தாமே வினாவவேண்டிய வினாக்கள் கற்பிக்கப்படுகின்றன. நோயுண்டோ, மருந்து உட்கொண்டதுண்டோ, மனத்திற் பெருஞ்சுமையுண்டோ, மதுவருந்தியதுண்டோ, களைப்புண்டோ, உணவும் உள்ளமும் சீராக உள்ளனவோ என்பன அவை. இவற்றுள் ஒன்றற்கேனும் விடை ஐயத்துக்குரியதாயின் அன்று தரையிலேயே தங்குதல் முறை. நாள்குறித்து அழைத்துவந்த நண்பர் அருகில் நிற்க, வானமும் தெளிந்திருக்க, இன்று நான் பறப்பதற்கில்லை என்று கூறுதல் எளிதன்று. எழுத்திற் கொடுத்த கூற்று மெய்யாவதும் பொய்யாவதும் அந்நேரத்திலேயே.

மருந்தைப்பற்றிக் கூறவந்த திருவள்ளுவர், மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கு என வகுத்து, அவற்றுள் நோயுற்றவனை முதலிலும் வைத்தியனை அதற்கு அடுத்தும் வைத்தார். நோயுற்றவனின் மெய்யுரையும் ஒத்துழைப்பும் இன்றி ஏனைய மூன்றும் பயன்படா என்பது அவ்வைப்புமுறையாற் கொள்ளத்தக்க பொருள். விமானிகளின் உடல்நலம் பற்றிய புதிய விதிகளும் இவ்வொழுங்கையே வேறொரு வழியில் அடைந்துள்ளன. அவை வைத்தியரை அகற்றவில்லை. உண்மையைக் கூறவேண்டியவரை முன்னிறுத்தியுள்ளன. அவ்வாறு முன்னிற்பவர் தம் உடம்பை அறிந்துகொள்ளும் முயற்சியையும், அறிந்ததைத் தமக்கே ஒளியாத துணிவையும் உடையவராயின் அவ்விதிகள் நன்மை பயக்கும். அவ்விரண்டும் இல்லாதவர்க்குப் பழைய சான்றிதழும் புதிய கூற்றும் வெறுந்தாளே. அத்தாளை நம்பி அவரருகில் அமர்பவர் அவர் மனைவியோ மகனோ நண்பரோ ஆவர் என்பது மறக்கற்பாலதன்று.